மூடியைக் கழற்றினால்

நியூ ஜெர்சியில் பழைய கணினிகளின் கண்காட்சி. பெரியவர் திருகுகளைக் கழற்றிவிட்டு இரும்பு மூடியை முன்பக்கமாக இழுக்கிறார், முனகிக்கொண்டே வருகிறது. ஐபிஎம் 5150, அந்த நிறுவனத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர். எதிரே ஒரு பையன், கையில் சோளப்பொரி. நான் சுவரோரம்.

பெரியவர் பேசுகிற ஆள் இல்லை. விரலை வைக்கிறார், பையன் குனிந்து பார்க்கிறான்.

முதலில் செயலி, இன்டெல் 8088. 5 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய சில்லை 4.77-இல் ஓட்டியிருக்கிறார்கள். காரணம், பலகையில் இருக்கும் சின்னப் படிகம்: 14.318 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்தால் செயலிக்கு. நான்கால் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு. ஒரே படிகத்தில் இரண்டு வேலை. அழகான கஞ்சத்தனம்.

விரல் நகர்கிறது. ஃப்ளாப்பி டிரைவில் டாண்டன் என்ற பெயர். இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன் கலிஃபோர்னியாவில் நடத்திய நிறுவனம். பக்கத்து பிரிண்டர், ஐபிஎம் முத்திரை குத்திய எப்சன். இயங்குதளமான டாஸ் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. அதுவும் சியாட்டிலில் வேறொரு நிறுவனத்திடம் வாங்கியது. எல்லாம் கடைச்சரக்கு. தன் பொருளைத் தானே செய்து பழகிய ஐபிஎம்முக்கு இது வழக்கமே இல்லை. ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் டான் எஸ்ட்ரிட்ஜின் சிறு குழுவிடம் ஒரே வருடத்தில் முடிக்கச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்? 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தார்கள். 16 கிலோபைட் நினைவகம், டிரைவும் திரையும் இல்லாமல், 1,565 டாலர். 1983-இல் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல் வந்ததும் கணக்குப்பிள்ளைகளின் மேசையெல்லாம் இதுதான்.

பையன் கீபோர்டு வயரைப் பின்பக்கம் செருகுகிறான். அங்கே ஒரே மாதிரி இரண்டு துளைகள். ஒன்று கேசட் டேப்புக்கு. அவன் செருகியது அதில். பெரியவர் சிரிக்காமல் பிடுங்கி மற்றதில் மாட்டுகிறார். வலப்புறச் சிவப்பு சுவிட்சைத் தூக்குகிறார்: டக். மின்விசிறி இரைகிறது. திரையில் சின்னக் கோடு மட்டும் மினுக்குகிறது. நினைவகத்தைச் சோதிக்கிறதாம், பையன் பொரியில் பாதி தீர்ந்துவிட்டது. ஒரு பீப். டிரைவ் கரகரக்கிறது. பச்சை எழுத்தில் தேதி கேட்கிறது. உள்ளே பேட்டரிக் கடிகாரம் இல்லாததால், ஒவ்வொரு முறையும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

பையன் அடிக்கிறான். ஒவ்வொரு விசைக்குள்ளும் சுருள்வில் மடங்கித் தெறிக்கும் சத்தம். அதைக் கேட்பதற்காகவே அழித்து அழித்து அடிக்கிறான்.

பெரியவர் கடைசியாக ஒரு சில்லைத் தொடுகிறார்: பயாஸ், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல், 8 கிலோபைட். இந்தப் பலகையில் ஐபிஎம் தனதென்று சொல்லிக்கொள்ள முடிந்தது பெரும்பாலும் அதுதான். அதன் நிரலையும் மின்சுற்றுப் படங்களோடு சேர்த்துக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. பதிப்புரிமை காக்கும் என்ற நம்பிக்கை. பாதிதான் பலித்தது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலைப் பார்க்காத ஆட்களை வைத்தே அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதி, 1982 நவம்பரில் தன் கணினியை அறிவித்தது. பின்னாலேயே ஊர்ப்பட்ட நிறுவனங்கள் வந்தன. 2005-இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டர் வணிகத்தைச் சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டது.