பாட்டரி எலிமினேட்டரைப் பழுது பார்த்தோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பழுதான ஒரு பொருளைக் கண்டதும் நம்மில் பலருக்கு இரண்டே எண்ணங்கள்தாம் தோன்றுகின்றன. ஒன்று, அதைத் தூக்கி எறிந்துவிடுவது. மற்றொன்று, மூடியைத் திறந்து உடனே உள்ளே கையை விடுவது. மின்சாரப் பொருளைப் பொறுத்தவரை முதலாவது பணத்துக்குக் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் கற்றுக்கொண்டோம். அதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் மூன்று பாட்டரி எலிமினேட்டர்கள் உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 2 முதல் 12 வோல்ட் வரையிலான நேர்திசை மின்சாரமாக்கித் தருவது அதன் வேலை. அவற்றுள் ஒன்று ஒரு நாள் வண்டுபோல் இரைந்து, சூடேறி, கருகிய வாடை வீசியது. ஆசிரியை உடனே சுவிட்சை அணைத்துச் செருகியைப் பிடுங்கி, "பழுது" என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அதன்பின் மின்தடை எண் காணும் சோதனைக்கு இரண்டே பெட்டிகள். பின்னால் நின்றவர்களுக்கு அம்மீட்டரின் முள் தெரியவில்லை. முன்னால் நின்றவர்களின் பின்னல்தான் தெரிந்தது!

"நாங்களே பழுது பார்க்கலாமா, சிஸ்டர்?" என்று நாங்கள் நால்வர் தலைமையாசிரியை அவர்களிடம் போய்க் கேட்டோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. "உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் அம்மா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியே எங்களுக்கு வழிகாட்டியது. ஆசிரியை ஒரு திட்டம் வகுத்தார்கள். எங்களுள் ஒருத்தியின் தந்தை வயர்மேன். அவர் சனிக்கிழமைகளில் வந்து உடனிருக்க இசைந்தார். பெற்றோர் நால்வரும் கடிதம் கொடுத்த பிறகே சிஸ்டர் அனுமதி தந்தார்கள்.

மாமா போட்ட முதல் விதி இது: பெட்டி திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன் செருகி மேசைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்க வேண்டும். "சுவிட்சை அணைத்தாயிற்று என்று சொன்னால் போதாது, பிள்ளைகளா! வேறு யாராவது வந்து போட்டுவிடலாம். செருகி கண் முன்னே கிடந்தால் யாரும் ஏமாற முடியாது" என்றார். மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் வேலை அவருடையது, எங்களுடையது அன்று.

இரண்டாவது விதி, திறக்குமுன் இனம் அறிதல். எங்கள் பெட்டி கனமானது. உள்ளே பெரிய மின்மாற்றி உண்டு. மின்மாற்றியைத் தாண்டியபின் மின்னழுத்தம் குறைவு. கணினியில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வகை அப்படியன்று. அது 230 வோல்ட்டை நேரடியாகவே நேர்திசையாக்குவதால், உள்ளிருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கும். "அந்த வகையை நீங்கள் திறக்கவே கூடாது" என்று ஆசிரியை கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள்.

மூடியைத் திறந்ததும் மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1000 ஓம் மின்தடை ஒன்றை, உறையிட்ட கிளிப்புகளால் அரை நிமிடம் இணைத்தோம். மிச்சமுள்ள மின்னூட்டம் அதன் வழியே மெல்ல வடிந்துவிடும். திருப்புளியால் இரு முனைகளையும் உரசிப் பொறி பறக்கவிடுவது தவறான பழக்கம். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, சுழி என்று கண்ட பின்னரே கை வைத்தோம்.

ஃபியூஸைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் எப்போதோ உருகிப்போயிருக்கிறது. அதன்மேல் யாரோ செம்புக் கம்பி இழைகளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஆகவே கோளாறு வந்தபோது அறுந்துபோக வேண்டிய இடம் அறுந்துபோகவில்லை, மின்மாற்றி வெந்தது. இன்னும் சிறிது நேரம் ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கவும் கூடும். நாற்பது பேர் இருந்த அறை அது! ஃபியூஸ் உருகுவது குற்றமன்று. அதுவே அதன் கடமை. அது ஏன் உருகியது என்று கேட்காமல் கம்பியைச் சுற்றுவதுதான் குற்றம்.

"ஏன்" என்ற கேள்விக்கு விடை தேடினோம். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்க நான்கு டையோடுகள் பாலம்போல் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் ஒரு காலையும் பற்றாசு நீக்கித் தூக்கிவிட்டு அளந்தோம். நல்ல டையோடு ஒரு திசையில் 0.6 வோல்ட் அளவு காட்டும். மறு திசையில் வழிவிடாது. மூன்று அவ்வாறே இருந்தன. நான்காவது இரு திசையிலும் சுழி காட்டியது. அதுதான் குற்றவாளி! உடன் உழைத்த மற்றவையும் நலிந்திருக்கலாம் என்பதால் நான்கையும் மாற்றினோம். சரியான அளவு ஃபியூஸையும் போட்டோம். பெட்டியின் இரும்பு உடலுக்கும் செருகியின் எர்த் முனைக்கும் இணைப்பு இருக்கிறதா என்றும் அளந்து பார்த்தோம்.

பிறகு சோதனை. மூடியை மாட்டி, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து மாமா மின்சாரம் கொடுத்தார். நாங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றோம். உள்ளே இன்னும் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். அது ஒரு கணம் மினுங்கி அடங்கிவிட்டது. எங்களுக்கு மூச்சு வந்தது. பல்பை நீக்கிவிட்டு, 12 வோல்ட், 10 வாட் வண்டி விளக்கு ஒன்றை அரை மணி நேரம் எரியவிட்டோம். இரைச்சலும் இல்லை, வாடையும் இல்லை.

ஆனால் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது அதன்பின் நடந்ததுதான். வண்டி விளக்கைக் கழற்றிவிட்டுச் செருகியைப் பிடுங்கினார் மாமா. பெட்டியின் முகப்பிலிருந்த நியான் விளக்கு உடனே அணைந்தது. மல்டிமீட்டரோ 15 வோல்ட்டுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது! விளக்கு அணைந்தது, மின்னூட்டம் போகவில்லை. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் பேராசிரியர் முஸ்சென்புரூக், நீர் நிரம்பிய கண்ணாடி ஜாடியில் தேங்கிய மின்சாரத்தால் தாக்குண்ட செய்தி 1746-ஆம் ஆண்டில் அறிஞர் உலகை வியக்கச் செய்தது. அத்தகைய ஜாடிதான் முதல் மின்தேக்கி. எங்கள் 15 வோல்ட் யாரையும் தாக்காது. ஆயினும் சிறியதில் வராத கவனம் பெரியதில் வராது.

தோழியரே! மாமா ஒருபோதும் அவசரப்படவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் உடையவர், ஒவ்வொரு முறையும் அளந்த பிறகே தொட்டார். பயப்படாதவர் அல்லர் தைரியசாலி. எதற்குப் பயப்பட வேண்டும் என்று அறிந்து, அதற்கேற்ப ஒழுங்காகச் செய்பவரே தைரியசாலி என்று அவரைப் பார்த்து அறிந்தோம்.

இப்போது எங்கள் விதிகள் ஓர் அட்டையில் எழுதப்பட்டு ஆய்வகச் சுவரில் தொங்குகின்றன. கடைசி வரி சிஸ்டர் தம் கையால் எழுதியது: "தனியாகச் செய்யாதே." அடுத்த ஆண்டு இந்த மேசைகளுக்கு வரும் தங்கைகளே, அந்த வரியை முதலில் படியுங்கள்.