லோங்காங் வழக்கு

அந்த அக்கா என் மேசையில் முதலில் வைத்தது வீட்டுப் பத்திரத்தை இல்லை, ஒரு 555 புத்தகத்தை. மளிகைக் கடைகளில் கடன் எழுதி வைப்பார்களே, உள்ளங்கை அளவில், அதே புத்தகம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு பூக்கடைக்கு மேலே அப்போது என் அலுவலகம். மாடி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். தேதி, நேரம், தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்தது, என்னென்ன நனைந்தது. ஒன்பது வருஷத்துக் கணக்கு. நடுவில் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பன்னிரண்டு வெள்ளியும் இருந்தது.

"லோயர் தம்பி, லோங்காங்தான் பிரச்சினை. வேற ஒண்ணும் இல்ல."

தோட்டம் மூடிய பிறகு குறைந்த விலை வீட்டுக்கு வந்த குடும்பம். வீட்டின் பின்னால் ஒரு லோங்காங், திறந்த வடிகால். மேட்டுப் பக்கம் புதிய தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, எழும்பியதிலிருந்து அது நிரம்பி வழிய ஆரம்பித்தது. முதலில் கழுத்து வரை செடி வளர்ந்தது, பிறகு மண் மூடியது, பிறகு ஒரு பழைய மெத்தை வந்து சேர்ந்தது. நகராண்மைக் கழகத்துக்குப் போன புகார்களின் எண்களையும் அக்கா எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே பதில்தான்: நடவடிக்கை எடுக்கப்படுகிறது. மதிப்பீட்டு வரி மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை பிசகாமல் வந்தது. அவரும் பிசகாமல் கட்டினார். ரசீதுகள் ரப்பர் வளையத்தில் இருந்தன.

நான் அவரிடம் முதலில் சொன்னது நல்ல செய்தி இல்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அமைப்பின் மீது வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். ஒன்பது வருஷ மழையில் ஆறு வருஷ மழை சட்டத்தின் கணக்கில் பெய்யவே இல்லை. அதிகாரியின் முடிவை எதிர்த்து நீதித்துறை மறு ஆய்வுக்குப் போவதென்றால் இன்னும் மோசம், மூன்றே மாதம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எழுதி வச்சது தப்பில்ல, கொண்டு வந்ததுதான் லேட்டு" என்றார்.

இதைவிடப் பெரிய சுவர் ஒன்று இருந்தது. அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஆனால் சட்ட நூல்களில் இடம்பிடித்த வழக்கைப் போட்டவர்கள் மற்ற இரண்டு கட்டடங்களின் வீட்டுக்காரர்கள். அவர்களுடைய கட்டடங்கள் விழவில்லை, குடியிருக்கவும் முடியவில்லை. வெளியேறினார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, மதிப்பு போனது. எழுபத்து மூன்று வாதிகள். மலைச்சரிவில் திசை மாற்றப்பட்ட ஓடை, மோசமான தடுப்புச் சுவர்கள், கவனிக்க ஆளில்லாத வடிகால் என்று விசாரணை முழுக்க ஓடியது தண்ணீர்தான்.

2000-இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் தீர்ப்பளித்தார். மேம்பாட்டாளர், வரைபடக்காரர், பொறியாளர், மேலே நிலம் வைத்திருந்த நிதி நிறுவனம் என்று பலருக்கும் பொறுப்பைப் பங்கு போட்டார். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு. மாநில அரசின் மீதான கோரிக்கை அங்கேயே விழுந்துவிட்டது. நகராண்மைக் கழகத்தைப் பொறுத்தவரை நீதிபதி காலத்தை இரண்டாக வெட்டினார். கட்டடம் விழுவதற்கு முன்பு நடந்தவற்றுக்கு 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு கவசம். விழுந்த பிறகு, அந்த மலைக்கு முழுமையான வடிகால் திட்டம் தயாரிப்பதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்ததற்குக் கவசம் கிடையாது.

அப்போது நான் சேம்பரிங் என்ற வழக்கறிஞர் பயிற்சியில் இருந்தேன். அந்தத் தீர்ப்பைப் போட்டோஸ்டட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். சொன்ன சொல்லைச் செய்யாத நகராண்மைக் கழகம் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு நீதிபதி எழுதிவிட்டார், இனி எல்லாம் மாறும் என்று நினைத்த வயது. 2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் 15 விழுக்காட்டையும் எடுத்துவிட்டது. முன்பு நடந்ததற்கும் பொறுப்பில்லை, பின்பு நடந்ததற்கும் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: உள்ளூராட்சி மன்றம் எல்லோருக்கும் அடிப்படை வசதி செய்து தர வேண்டியது, சில வீட்டுக்காரர்களின் பண நட்டத்தை ஈடுகட்ட அந்தப் பணத்தைத் திருப்பினால் அடிப்படை வேலைகள் நின்றுவிடும்.

அதன் பிறகு சிலாங்கூரில் எந்த நகராண்மைக் கழகத்தின் மீது வழக்குப் போட்டாலும், எதிர்வாதத்தின் முதல் பக்கத்தில் 95(2) இருக்கும், இரண்டாம் பக்கத்தில் ஹைலண்ட் டவர்ஸ் இருக்கும். தட்டச்சுக்காரருக்கே மனப்பாடம்.

அப்படியானால் ஓட்டுப் போட்டு மாற்றலாமே என்பார்கள். அதுவும் இல்லை. கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பிரித்த அரசியலமைப்பு, உள்ளூராட்சியை மாநிலப் பட்டியலில் வைத்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. உள்ளூராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றுதான் அவருடைய அறிக்கை சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலைச் சட்டப்படியே மூடியது. மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது, எட்டுப் பேருக்குக் குறையாமல், இருபத்து நான்கு பேருக்கு மிகாமல். பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆக, லோங்காங்குக்குப் பொறுப்பானவரை அக்கா தேர்ந்தெடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் சட்டத்துல லோங்காங்க சுத்தம் பண்ணணும்னு எழுதியிருக்கா இல்லியா?"

எழுதியிருக்கிறது. அதே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். தன் கட்டுப்பாட்டில் இருக்கும் மழைநீர் வடிகால்கள் தொல்லையாகவும் உடல்நலத்துக்குக் கேடாகவும் இல்லாதபடி உள்ளூராட்சி மன்றம் பராமரிக்க வேண்டும், துப்புரவாக்க வேண்டும். அன்று இரவு 95(2) பிரிவை முதல்முறை படிப்பவனைப் போல மறுபடி படித்தேன். கட்டடம், கட்டட வேலை, வரைபடம், சோதனை, ஒப்புதல். இவற்றைத்தான் அது பேசுகிறது. மெத்தையை எடுக்காமல் விட்டதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வழக்கிலிருந்து மேட்டுத் தாமானை முழுவதும் எடுத்துவிட்டேன். அதற்கு எப்படி ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று கேட்ட அடுத்த நொடி கவசம் இறங்கிவிடும். சக வழக்கறிஞர் ஒருவர், "நல்ல பாயின்டையே தூக்கிப் போட்டுட்டியே" என்றார். தூக்கிப் போட்டால்தான் மிச்சம் நிற்கும் என்பது என் கணக்கு.

ஆதாரத்துக்குச் சிலாங்கூரிலேயே ஒரு வழி இருந்தது. 2011-இல் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. மாநில இலாகாக்களையும் உள்ளூராட்சி மன்றங்களையும் அது கட்டுப்படுத்தும். கூட்டரசு அளவில் அப்போது அப்படி ஒரு சட்டம் இல்லை. விண்ணப்பப் பாரத்தை நிரப்பி, அந்த லோங்காங்கைத் துப்புரவு செய்த குத்தகையாளரின் வேலைத் தாள்களைக் கேட்டோம். முதல் பதிலில் கோப்பு புதுப்பிக்கப்படுவதாகச் சொன்னார்கள். மேல்முறையீடு செய்வோம் என்று கடிதம் போட்ட பிறகு ஒரு பழுப்பு உறை வந்தது.

அந்த உறையைப் பிரித்த மாலையை நான் மறக்க மாட்டேன். தாள்களின்படி எங்கள் லோங்காங் நாட்டிலேயே மிகச் சுத்தமான லோங்காங். மாதம் இரண்டு முறை வாரியிருக்கிறார்கள். ஒரு தாளில் தேதியைப் பார்த்ததும் எங்கோ பார்த்த தேதியாக இருக்கிறதே என்று 555 புத்தகத்தைத் திறந்தேன். அக்காவின் கையெழுத்தில்: "தீபாவளி. காலைல மழை. தண்ணி மூணாம் படி. முறுக்கு டின் மிதந்துச்சு." பொது விடுமுறை நாளில், மூன்றாம் படி வரை தண்ணீர் நிற்கும்போது, நான்கு தொழிலாளர்கள் இறங்கி லோங்காங்கை வாரியதாகக் கையெழுத்து, முத்திரை, பணம் கொடுத்ததற்கான குறிப்பு. முங்கி வாரினார்களோ என்னவோ.

ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். ஷா ஆலம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வரும். கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்த பிறகு 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஊர் இது. அதற்கு முன் சுங்கை ரெங்கம் தோட்டம். மாநிலச் செயலகமும் நீதிமன்றமும் நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் தமிழர்கள் பால்மரம் வெட்டினார்கள். அங்கேயும் லோங்காங் இருந்திருக்கும். தோட்டத்து வடிகாலை அடைக்க விட்டால் கிராணி சும்மா விடமாட்டார் என்று என் அப்பா சொல்வார்.

எதிர்பார்த்தபடியே விசாரணைக்கு முன்பே வழக்கைத் தள்ளச் சொல்லி மனு வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஹைலண்ட் டவர்ஸ் தீர்ப்பிலிருந்து அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்: அடிப்படை வசதிகள்தான் முதலில். அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்து அதே பத்தியை மறுபடி வாசித்தேன். "யுவர் ஆனர், எல்லோருக்குமான அடிப்படை வசதிக்குப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான் அன்று அவர்களை விட்டார்கள். நாங்கள் கேட்பது அதே அடிப்படை வசதியைத்தான். லோங்காங். அதற்கான பணத்தைத் தீபாவளியன்று கொடுத்துவிட்டதாக அவர்களுடைய தாளே சொல்கிறது." வேலைத் தாளையும் 555 புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதிர்த்தரப்பு அந்தப் புத்தகத்தை வீட்டுக் குறிப்பு, நம்ப முடியாது என்றது. நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் மழை அளவுப் பதிவை நீட்டினேன். அக்கா மழை என்று எழுதிய நாளில் அங்கேயும் மழை.

நீதிபதி அதிகம் பேசவில்லை. 95(2) பிரிவு பராமரிப்புக்கும் பொருந்துமா என்பது விசாரித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி மனுவைத் தள்ளினார். சட்ட நூலில் ஏறும் தீர்ப்பு இல்லை இது. கதவு மூடாமல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலையே எதிர்த்தரப்பிலிருந்து சமரசம் பேசலாமா என்று தொலைபேசி வந்தது. குத்தகையாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அவர்களுக்கு விருப்பமில்லை.

தொகை சின்னது. தவற்றை ஒப்புக்கொள்ளாமல் கொடுத்தார்கள். யார், எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாதென்று ஒரு ஷரத்து. அதனால்தான் இங்கே பெயர் இல்லை. எனக்கு அந்த ஷரத்து பிடிக்கவில்லை. தீர்ப்பு வாங்கியிருந்தால் அடுத்த தாமான்காரருக்கு அது உதவியிருக்கும். ஆனால் மேல்முறையீடு என்று போனால் ஹைலண்ட் டவர்ஸ் வாதிகளின் கதிதான், கட்டடம் விழுந்ததிலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கே ஏழு வருஷம், அதைக் கூட்டரசு நீதிமன்றத்தில் இழக்க இன்னும் ஆறு. வாதிகளில் இரண்டு பேருக்கு எழுபது தாண்டியிருந்தது. சம்மத ஆணையில் அக்கா பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன வரிதான் முக்கியம்: லோங்காங்கை அகலப்படுத்தி, ஒவ்வொரு துப்புரவுக்கும் பிறகு குடியிருப்பாளர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒருவர் அக்காவேதான். குத்தகையாளரின் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் பேனாவோடு நிற்பதை ஒருமுறை நானே பார்த்தேன். தண்ணீர் வடிகிறதா என்று ஒரு பக்கெட் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

2021 டிசம்பர் 18. விடாத மழை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நிற்கும் படங்கள் வந்துகொண்டிருந்தன. மாலையில் அக்காவுக்கு அடித்தேன். மாடி வீட்டில் பக்கத்து வீட்டாருடன் இருந்தார்.

"இன்னைக்கு லோங்காங் மேல பழி போட முடியாது லோயர் தம்பி. ஆறே வந்துருச்சு."

பத்திரமாக இருங்கள், சாப்பாடு இருக்கிறதா என்று ஏதோ கேட்டேன். அவர் காதில் விழவில்லை போல. பின்னால் யாரோ டார்ச் லைட் கேட்டார்கள்.

"தம்பி, நேரத்தையும் போடணும்ல? நாலே முக்காலுக்கு அஞ்சாம் படி. எழுதிட்டேன். இதுக்கு மூணு வருஷமா, மூணு மாசமா?"