பம்ப்

டிராக்டர் லோரியிலிருந்து இறங்கியபோது அம்மா விலையைக் கேட்கவில்லை. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல மருந்து டேங்க் மாட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, புல்லு வெட்டறதுக்கு மட்டுந்தான்."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

18 குதிரைத்திறன் கொண்ட பழைய ஜப்பான் டிராக்டர். பின்னால் மாட்ட நான்கு அடி அகலத்தில் ஒரு சிலேஷர். இரண்டும் சேர்த்து 17,000 வெள்ளி. பாதி சேமிப்பு, பாதி கடன். எனக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. நான்கு நாள் ஷிப்ட், இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாளில் கோப்பெங் பக்கம் டுரியான் கெபுன்களில் புல் வெட்டலாம் என்று திட்டம். பழம் விழும் பருவத்துக்கு முன்னால் புல்லை ஒட்ட வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த பழம் கண்ணில் படாது, பாம்பும் படாது. அதனால் வேலைக்குப் பஞ்சமிருக்காது என்று நோட்டில் கணக்குப் போட்டிருந்தேன்.

நோட்டுக் கணக்கில் லோரி வாடகை இல்லை. முதல் வேலை மூன்று ஏக்கர், ஏக்கருக்கு 90 வெள்ளி. டிராக்டரை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவர 160 போய்விட்டது. அதோடு முடியவில்லை. புல்லுக்குள் யாரோ விட்டுப்போன பழைய முள்கம்பி சிலேஷரில் சுற்றிக்கொண்டு, ஷியர் போல்ட் முறிந்தது. கியர் பாக்ஸ் உடையாமல் தான் உடைவதற்கென்றே வைத்த போல்ட் அது. இரண்டு வெள்ளி சாமான். என்னிடம் இன்னொன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் மூடியிருந்தது. அந்த ஒரு போல்ட்டுக்காக மறுபடியும் லோரி.

"மொதல்ல காட்ட நடந்து பாத்தியா?" என்றார் அம்மா. "நாங்கல்லாம் பெரட்டு முடிஞ்சதும் ஒரு நெற நடந்து பாத்துட்டுத்தான் பம்ப தூக்குவோம்."

அம்மா 22 வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்ப், காலில் கிழிந்த பூட்ஸ், முகத்தில் ஒரு துண்டு. நீல மருந்து என்பார்கள். அதன் பெயர் பாராகுவாட் என்று நான் படிவம் ஆறில்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து உதிர்வதைப் பார்த்து, பெரியவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறேன். அதைப் படிப்படியாகத் தடை செய்வதாக 2002இல் அறிவித்தார்கள். 2006இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1. அம்மா 2009லேயே வேலையை விட்டிருந்தார். செய்தியை நான் படித்துக் காட்டியபோது, "இப்பவா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறாவது மாதம் பெரிய வேலை ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், பத்து ஏக்கர் செம்பனை வைத்திருந்தார்.

"தம்பி, நீ வெட்டிட்டுப் போனா ஆறு வாரத்துல மறுபடியும் மொளைக்குது. மருந்தடிச்சுக் குடு. மாசா மாசம் வேலை தர்றேன்."

அவர் சொன்ன மருந்து வேறு. கடையில் விற்பது, சட்டத்துக்கு உட்பட்டது. லோரி வேண்டாம், டீசல் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் போய் வரலாம். கடன் தவணை மாதம் 410 வெள்ளி. நண்பனிடம் ஒரு பம்பை இரவல் வாங்கி வந்து பின்வாசலில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

காலையில் எழுந்து வந்தபோது அம்மா அந்தக் காலி பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பட்டையை இழுத்து இரண்டு துளை இறக்கிக்கொண்டார். இடுப்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கை தானாகவே பின்னால் போய் மூடியைத் தடவியது. பத்து வருடத்துக்கு மேல் தொடாத சாமான்.

"மூடி சரியில்ல. முதுகுல ஒழுகும்" என்று கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் சுட வைக்கப் போனார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இந்த மருந்து வேறும்மா, கையுறை போட்டுக்குவேன், முகமூடி போட்டுக்குவேன் என்று தயாராகத்தான் இருந்தேன்.

அன்றைக்கே பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். நிரைகளுக்கு நடுவில் டிராக்டரும், மரத்தைச் சுற்றிய வட்டத்தில் கைமெஷினும் போட்டு வெட்டித் தருகிறேன் என்று கிராணியிடம் கேட்டுப் பார்த்தேன். விலை கட்டாது என்றார். வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

ஒரு வருடக் கணக்கு இது: தவணை, டீசல், கத்தி, லோரி எல்லாம் போக மாதம் சராசரி 350 வெள்ளி நிற்கிறது. ஆண்டுக் கடைசி மழையில் புல் அசுர வேகத்தில் வளரும். அப்போது மண் இளகி டிராக்டர் இறங்க முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கெபுன்களை ஒரே நாளில் சேர்த்து எடுத்தால்தான் லோரிக் காசு கட்டுப்படியாகும் என்று தெரிந்துகொண்டேன். சீட்டுக்கு அடியில் இப்போது பத்து ஷியர் போல்ட் கிடக்கிறது. சரிவில் குறுக்கே ஓட்டுவதில்லை.

போன மாதம் ஒரு கெபுனுக்கு அம்மாவும் வந்தார். சும்மா உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. கையில் ஒரு குச்சியோடு டிராக்டருக்கு முன்னால் ரொம்ப தூரம் போய், புல்லை விலக்கி விலக்கிக் கம்பி, கட்டை, கல் என்று தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். பழைய புடவை ஒன்றை வீட்டிலேயே கிழித்துக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.