எந்தக் கருப்பசாமி?

அருப்புக்கோட்டையில் இறங்கி, "கருப்பசாமி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கருப்பசாமி?" என்று எதிர்க்கேள்விதான் வரும். திருச்சுழி வட்டம், இன்ன ஊர், கரிமூட்டம் போடுறவர் என்றால்தான் ஆள் அகப்படுவார்.

எக்ஸ்.எம்.எல். ஃபைலும் அப்படித்தான் சார். டாலி கணக்கை அதில் எடுத்தால், வவுச்சருக்கு வவுச்சர் லெட்ஜர் பெயரும் 'அமௌண்ட்'டும் வரிசைகட்டி நிற்கும். நமக்கு வேண்டியதோ ஒரே ஒரு தொகை! மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று விலாசம் சொல்கிற மாதிரி, அதற்கு வழி சொல்லத்தான் 1999-ல் 'எக்ஸ்பாத்' வந்தது.

எக்ஸெல் மேக்ரோவில் 'செலக்ட்சிங்கிள்நோட்' போட்டு வெறும் அமௌண்ட்டைக் கேட்டால், முதலில் நிற்பதை எடுத்து நீட்டிவிடும். நம்ம ஊர்க்காரர் மாதிரி எதிர்க்கேள்வி கேட்காது. இப்படித்தான், பைசா பாக்கியில்லாத ஒரு கரி வியாபாரிக்கு, "பாக்கி எப்போ தருவீங்க?" என்று ஒரு கடையிலிருந்து போன் போனது. எனக்குத் தெரிந்த மனுஷர்தான். அதற்கப்புறம் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை.

ஆகவே பெயரோடு வவுச்சர் நம்பரையும் நிபந்தனையாகச் சேருங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் 'நத்திங்' வரும். அதைச் சோதித்த பிறகே தொகையைத் தொடுங்கள்.

பற்றுத் தொகைக்கு முன்னால் மைனஸ் இருக்கும். பதறாதீர்கள், அது டாலியின் வழக்கம்தான்!