குழாயடி வல்லாரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீடு. முன்கட்டில் குழித்தறி ஓடுகிறது. கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா வேலை. கணவன் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்க, மனைவி பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளுகிறாள். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் கொல்லைப்புறம் முழுக்க ஆயாவின் ஆட்சி.

மூடி போட்ட கிணறு, துவைக்கிற கல், பக்கத்தில் ஒரு குழாய். எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது. அந்தச் சொட்டை நம்பி, முருங்கை நிழலில், இரண்டு முழ அகலத்துக்கு வல்லாரை படர்ந்திருக்கிறது. தரையே தெரியவில்லை. தண்டு மண்ணை ஒட்டி ஓடுகிறது. கணுவுக்குக் கணு வேர் இறங்கி, ஒவ்வொரு கணுவும் ஒரு தனிக்குடித்தனம். ஒரு தடவை ஊன்றினால் வருஷக்கணக்கில் கிடக்கும். ஈரமும் அரை நிழலும் போதும். பூவும் உண்டு. மங்கிய சிவப்பில், கடுகளவில், இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். குனிந்து விலக்கிப் பார்க்கிறவருக்குத்தான் அது.

ஆயா பலகையைப் போட்டு உட்காருகிறாள். முற்றிய இலையாகப் பார்த்து, காம்பின் நடுவில் நகத்தால் கிள்ளுகிறாள். கொடியை இழுப்பதில்லை. எங்காவது தண்டு மண்ணை விட்டு எழும்பி நின்றால், ஒரு சிட்டிகை ஈரமண்ணை எடுத்துக் கணுவின் மேல் அப்பிவிடுகிறாள்.

உள்ளேயிருந்து மகன் குரல்: "வாஷர் வாங்கி வெச்சி ரெண்டு மாசம் ஆவுதும்மா."

ஆயாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பதில் இல்லை.

துவைகல் தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வராது. சோப்பு நுரை வழியும்போது ஆயா ஒரு செங்கல்லை நகர்த்தி வேறு வாய்க்காலில் திருப்பிவிடுகிறாள். அழுக்குத் தண்ணீர் இந்தக் கீரைக்கு ஆகாது என்று படித்தவர்கள் சொல்ல ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்கள் மண்ணில் இருந்தால் வல்லாரை அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். ஊருக்குள் ஓடுகிற வேகவதி ஆற்றில் சாக்கடை கலக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரின் கரையிலும் இந்தக் கீரை பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். சந்தையில் கட்டு வாங்குகிற நாம் விலை கேட்கிறோம், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்க்கிறாள். "ஆயா, பையனுக்குப் பரீச்ச. ஒரு கைப்பிடி வல்லார குடேன்."

"எப்போ பரீச்ச?"

"திங்கக்கெழம."

"இப்பதான் நெனப்பு வந்துச்சா?"

கைப்பிடி இலை கிடைக்கிறது. கூடவே, இரண்டு கணு வைத்து அறுத்த ஒரு துண்டுக் கொடி, ஈரத்துணியில் சுற்றி. "தொட்டியில ஊனு. காய வுடாத. அடுத்த பரீச்சைக்கு ஆவும்."

ஞாபகசக்திக்கு வல்லாரை என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. ஒரு வாரத் துவையலில் பையன் தேறுவான் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். புண்ணை ஆற்றுவதில் அதற்கு இன்னும் உறுதியான பேர் உண்டு. 1940களில் மடகாஸ்கரில் இதிலிருந்து பிரித்த ஆசியாடிகோசைடு என்ற பொருளைத் தொழுநோய்ப் புண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் காயக் களிம்புகளில் அது இருக்கிறது. இலங்கையில் இதுவே கொட்டுகொல. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகவே சம்பல் போடுகிறார்கள். காஞ்சிபுரத்துக்குக்கூட ஒரு தூரத்து உறவு சொல்லலாம்: சின்ன காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் இட்லியில் விழுகிற சீரகமும் வல்லாரையும் ஒரே தாவரக் குடும்பம்.

ஆயா அந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. நல்லெண்ணெயில் உளுந்தும் மிளகாயும் சிவக்கின்றன. இலையைப் போட்டு, சுருண்டதும் இறக்கிவிடுகிறாள். தேங்காய், உப்பு, பேருக்குக் கொஞ்சம் புளி. மிக்ஸி வேண்டாமாம், அம்மிதான்.

தறி நிற்கிறது. மூன்று பேரும் சாப்பிட உட்காருகிறார்கள். மகன் பேசாமல் பிசைந்து சாப்பிடுகிறான். மருமகள் இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த பேரன் துவையலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிறான்.

"கசக்குது ஆயா. ஊறுகா இல்ல?"