மஞ்சள் விளக்கு எரிந்தால்…

டெல்டாவில் தை மாத அறுவடை தொடங்கிவிட்டால் நெல் அறுக்கும் மிஷினுக்கு ஓய்வில்லை. மணிக்கணக்கு வாடகை, வானம் இருண்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அந்த அவசரத்தில் டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டர் பெட்டியை யார் பார்க்கிறார்கள்? சில மிஷின்களில் எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப்பே ஒட்டியிருக்கும். இரவில் கண் கூசுகிறதாம்!

பழைய இன்ஜினுக்கு இது பொருந்தியது. சத்தத்தையும் புகையையும் வைத்தே அனுபவசாலி டிரைவர் கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது. அதையொட்டி, டீசலின் அளவையும் நேரத்தையும் சிறிய கம்ப்யூட்டரே தீர்மானிக்கும் இன்ஜின்கள் பெருகின. அறுவடை மிஷின்களிலும் அவை வருகின்றன. இவற்றில் கோளாறு காதுக்கு எட்டும்போது பெரும்பாலும் செலவு முற்றியிருக்கும்.

ஒரு கிராமத்தில், மூன்று ஏக்கரில் பாதி அறுத்திருந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. இளம் டிரைவர் மிஷினை நிறுத்தி, திரையில் தெரிந்த எண்ணை செல்போனில் படமெடுத்துக்கொண்டார். வரப்பில் நின்ற வயல்கார அம்மாவுக்குக் கோபம். “தம்பி, மேகம் கூடுது. போட்டோ எடுக்கவா வந்தே?” மிஷின் முதலாளியும் போனில், “பாதி வயலுதானேடா, ஓட்டி முடி” என்றார். “அரை மணி நேரம் கொடுங்கம்மா” என்று டிரைவர் இறங்கிவிட்டார்.

திரையில் இருந்த எண் 97. டீசலில் தண்ணீர் என்று பொருள். ஃபில்டருக்குக் கீழே உள்ள வடிகுழாயைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. முதலாளி வீட்டு பேரலில் மூடி சரியில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் தண்ணீர் இன்ஜெக்டர் வரை போயிருக்கும். பழியும் டிரைவர் தலையில்தான் விழுந்திருக்கும். மழைக்கு முன்பே நெல் களத்துக்கு வந்தது. படத்தைப் பார்த்த முதலாளி பேரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பல கம்பெனி இன்ஜின்களில் இந்த எண்கள் பொதுவானவை. எஸ்.பி.என். என்பது எந்த இடம் என்று சொல்லும். 100 ஆயில் பிரஷர், 110 தண்ணீர்ச் சூடு. பக்கத்தில் வரும் எஃப்.எம்.ஐ. என்ன விதமான கோளாறு என்று சொல்லும். அது 3, 4, 5 என்றிருந்தால் பெரும்பாலும் ஒயர் அல்லது சென்சார் கோளாறு; இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்காது. வேறு எண் முறை வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. மிஷினோடு தந்த கையேட்டில் பார்க்கலாம். அந்தக் கையேடு டிரைவரிடம் இல்லாமல் முதலாளி வீட்டு பீரோவில் இருப்பதுதான் வேடிக்கை.

சிவப்பு விளக்குக்கு எண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். விளக்கு அணையலாம், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

சீசன் முடிந்து பவர் வாஷ் அடிக்கும்போது மீட்டர் பெட்டியின் பின்புறத்திலும் ஒயர் இணைப்புகளிலும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. துணியால் துடைத்தாலே போதும். கொட்டகையில் நிறுத்தியிருக்கும் மாதங்களில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று இடையிடையே திறந்து பார்க்க வேண்டும்.