சித்தப்பாவின் குட்டி இன்ஜின்

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. ஊட்டிக்கு 1908-லேயே பல்சக்கர ரயில் ஏறிவிட்டது. நமக்கு அடிவாரத்துக் கொடை ரோடு ஸ்டேஷனோடு சரி. அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் பஸ்தான். அதற்கும் அப்பால், பூம்பாறையெல்லாம் தாண்டி இருக்கிற போளூருக்குப் போன மாசம் ஒரு ரயில் போனது. என் பைக்குள்!

சித்தப்பா டீசல் இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊருக்கே வந்து பூண்டு போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஓட்டிய டபிள்யூ.டி.எம்-2 இன்ஜினின் மாடலை வாங்கிப் போயிருந்தேன். நிஜ இன்ஜினுக்கு 2,600 குதிரைத்திறன். இது அதில் 87-ல் ஒரு பங்கு நீளம், 12 வோல்ட். ஒரு ஜாண் உயிர்.

பிளைவுட் பலகையில் தண்டவாளம் பதித்து ஓட விட்டால், காபிக்கொட்டை அரைக்கிற சத்தம்! காற்றுச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காத ஊர் அது. சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. கடைக்குப் போன் செய்தேன். பத்து நாளைக்குள் அனுப்பினால் மாற்றித் தருவார்களாம். மூடியைக் கழற்றினால் கேரண்டி போச்சாம்.

“அனுப்பிடலாம் சித்தப்பா.”

“சும்மா இருடா. புது இன்ஜின். பல்லு பல்லோட பழக வேண்டாமா? முன்னால அரை மணி, பின்னால அரை மணி, நிதானமா ஓட்டு.”

ஓட்டினேன். கரகரப்பு பாதியாகக் குறைந்தது. உற்சாகத்தில், “கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடலாமா?” என்றேன். சித்தப்பா சிரித்தார். “இந்தக் குளிர்ல அது கட்டியாயிடும். வண்டி நடு வழியில நிக்கும்.”

மிச்சச் சத்தம் எங்கிருந்து வருகிறது? சித்தப்பா பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “இன்ஜின் இல்லடா, பலகை பேசுது.” வீணைக்குக் குடம் மாதிரி, பிளைவுட் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. பார்சலில் வந்த ஸ்பாஞ்சை வெட்டித் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்தேன். இன்ஜின் மெல்லிய ரீங்காரத்தோடு வழுக்கிக்கொண்டு போனது. சித்திக்கு நிம்மதி. எனக்குப் பெருமை.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த சித்தப்பா கேட்டார்: “ஏன்டா நிறுத்திட்ட?”

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக டீசல் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது. அந்த இரைச்சல் முதலில் திருடுவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைத்தான். பலகையின் உறுமல் அவருக்குக் கேட்டது. அதைத்தான் நான் ரிப்பேர் செய்துவிட்டேன்.

மறுபடி ஸ்பாஞ்சை உருவினால் சித்திக்குத் தலைவலி. விட்டால் சித்தப்பாவுக்கு அது ஊமை ரயில். ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் அவருடைய கட்டில் பக்கத்து வளைவில் மட்டும் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன். வண்டி சத்தமில்லாமல் சுற்றி வரும். அந்த வளைவில் மட்டும் ‘கடகட’வென்று உறுமும். சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சு வரை என்று சித்தியிடம் ஒப்பந்தம்.

கடைக்கு இன்ஜினைத் திருப்பி அனுப்பவில்லை. பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

நேற்று போன் செய்தேன். சித்தப்பா தோட்டத்தில் இருந்தார். எடுத்தது சித்தி. மணி நாலே கால்.

“மனுஷன் இன்னும் வரல. இன்னிக்கு வண்டி லேட்டுடா” என்றார். குரலில் லேசான கவலை!